கெர்னலின் வாசலில் யார் முதலில்?

விசைப்பலகையில் ‘அ’ என்ற எழுத்தைத் தட்டுகிறீர்கள். அது திரையில் தோன்றுவதற்குள் உங்கள் மடிக்கணினிக்குள் ஒரு சிறு கலவரம் நடந்து முடிந்துவிடுகிறது. அதுவரை வேறொரு வேலையில் மூழ்கியிருந்த புராசசர், கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு யார் கூப்பிட்டது என்று பார்க்க ஓடுகிறது. பார்த்து முடித்ததும் விட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. நடுவில் நிறுத்தப்பட்ட நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது.

இதற்குக் குறுக்கீடு என்று பெயர். விசைப்பலகை மட்டுமல்ல, வைஃபை, வட்டு, கடிகாரம் எல்லாமே இப்படித்தான் புராசசரைக் கூப்பிடுகின்றன. லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் ‘புரோக்’ அடைவில் உள்ள ‘இண்டரப்ட்ஸ்’ என்ற கோப்பை இரண்டு மூன்று முறை திறந்து பாருங்கள். நீங்கள் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாலும் அதிலுள்ள எண்கள் ஏறிக்கொண்டே போகும்.

அந்த ஓட்டத்தின் முதல் சில அடிகளைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். இயங்குதளத்தின் கரு கெர்னல். அதற்குள் புராசசர் காலெடுத்து வைக்கும் வாசல் ஒன்று உண்டு. லினக்ஸ் கெர்னலில் 2 கோடிக்கும் அதிகமான வரிகள் இருக்கின்றன. வாசல் பகுதி அதில் சில ஆயிரம் வரிகள்தான். 2020ஆம் ஆண்டின் முதற்பாதியில், கிருமிப்பரவலால் நாமெல்லாம் வீட்டுக்குள் முடங்கியிருந்த மாதங்களில், லினக்ஸ் மேம்பாட்டாளர்கள் சிலர் இந்த வாசலை ஏறக்குறைய முழுவதுமாகப் பிரித்து மறுபடியும் கட்டினார்கள். பயனீட்டாளருக்குப் புதிதாக ஒரு வசதியும் கிடைக்கவில்லை. எந்தத் திரையிலும் எதுவும் மாறவில்லை. பிறகு எதற்காக அவ்வளவு உழைப்பு?

இரண்டு பிட் சொல்லும் பதில்

நம் மடிக்கணினிகளிலும் பெரும்பாலான தரவு நிலையங்களிலும் இருப்பது எக்ஸ்86 வகை புராசசர். குறுக்கீடு வந்ததும் அது தானாகவே ஐந்து மதிப்புகளை மட்டும் நினைவகத்தில் எழுதிவைக்கும். எந்தக் கட்டளையில் நின்றோம் என்பது அவற்றுள் ஒன்று. மீதமுள்ள 15 பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்துவது கெர்னலின் பொறுப்பு. அதைச் செய்து முடிக்கும்வரை சி மொழியில் எழுதிய நிரலை ஓட்ட முடியாது. சி கம்பைலர் ரெஜிஸ்டர்களைத் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்தும். பயனரின் கணக்கெல்லாம் அழிந்துபோகும். அதனால்தான் வாசலில் அசெம்பிளி மொழி. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் வெளியிட்ட முதல் லினக்ஸிலேயே அதற்கென ஓர் அசெம்பிளி கோப்பு இருந்தது.

ரெஜிஸ்டர்களைச் சேமித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கோருக்கும் கெர்னல் தனியாக ஒரு தகவல் பெட்டி வைத்திருக்கிறது. அந்தப் பெட்டி எங்கே என்று காட்டுவது ஜிஎஸ் என்ற ரெஜிஸ்டர். பயனர் நிரல் ஓடும்போது அதில் பயனரின் மதிப்பு இருக்கும், கெர்னல் ஓடும்போது கெர்னலின் மதிப்பு. இரண்டையும் இடம் மாற்ற ‘ஸ்வாப்ஜிஎஸ்’ என்று ஒரு கட்டளை உண்டு. உள்ளே வரும்போது ஒருமுறை மாற்றினால் சரி. மாற்ற மறந்தால், பயனர் தேர்ந்தெடுத்த முகவரியைக் கெர்னல் தன் பெட்டி என்று நம்பிவிடும். ஏற்கெனவே மாற்றியதை இன்னொரு முறை மாற்றினாலும் அதே கதிதான். தீய நோக்கமுள்ளவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

அப்படியானால் வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘நான் பயனர் நிரலிலிருந்து வந்தேனா, கெர்னலுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதே குறுக்கிடப்பட்டேனா?’ என்பதுதான். புராசசர் எழுதிவைத்த ஐந்து மதிப்புகளில் ஒன்றின் கடைசி இரண்டு பிட் பதில் சொல்லும். 3 என்றால் பயனர், 0 என்றால் கெர்னல்.

எளிதாகத் தெரிகிறது அல்லவா? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. குறுக்கீடுகளில் தடுக்கவே முடியாத ஒரு வகை உண்டு. கெர்னலுக்குள் நுழைந்துவிட்டோம், ஆனால் ‘ஸ்வாப்ஜிஎஸ்’ இன்னும் ஓடவில்லை. அந்த ஓரிரு கட்டளை இடைவெளியில் தடுக்க முடியாத குறுக்கீடு வந்தால், இரண்டு பிட்டும் ‘கெர்னல்’ என்று சொல்லும், ஜிஎஸ்ஸோ இன்னும் பயனருடையதாக இருக்கும். ஆகவே இத்தகைய குறுக்கீடுகளுக்கு மட்டும் எதையும் நம்பாத தனி வழி ஒன்றை எழுதினார்கள். கெர்னல் நிரலில் அதற்கு ‘பாரனாய்டு’, அதாவது ‘சந்தேகப் பிராணி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்.

2018 மே மாதம் இந்த இடைவெளி உலகத்துக்கே தெரியவந்தது. எஸ்எஸ் என்ற ரெஜிஸ்டரை நிரப்பும் கட்டளைக்கு அடுத்த கட்டளை ஓடி முடியும்வரை புராசசர் பிழைதிருத்தக் குறுக்கீட்டைத் தள்ளிப்போடும். அந்த அடுத்த கட்டளையே கெர்னலுக்குள் நுழையும் கட்டளையாக இருந்தால்? கெர்னல் தன் முதல் கட்டளையைக்கூட ஓட்டாத நிலையில் அந்தக் குறுக்கீடு வந்து இறங்கும். புராசசர் கையேடுகளில் இருந்த விளக்கம் தெளிவாக இல்லாததால் விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என வெவ்வேறு குழுக்கள் தனித்தனியாக எழுதிய இயங்குதளங்கள் எல்லாவற்றிலும் கோளாறு இருந்தது. எல்லாருமே ஒரே சமயத்தில் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு ஜனவரியில்தான் மெல்ட்டவுன் என்ற புராசசர் குறைபாடு அம்பலமானது. அதைத் தடுக்க, உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் நினைவக அட்டவணையையே மாற்றும் நிரலை அவசர அவசரமாக இதே வாசலில் செருகினார்கள். 2019 ஆகஸ்ட்டில் இன்னொன்று. மேலே சொன்ன இரண்டு பிட் சோதனையின் முடிவைப் புராசசர் முன்கூட்டியே ஊகித்து, தவறான ஜிஎஸ்ஸுடன் சில கட்டளைகளை ஓட்டிப் பார்ப்பதால் ரகசியம் கசியலாம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கும் ஒரு தடுப்பு, அதுவும் இதே வாசலில்.

ஒட்டுப்போட்ட சட்டையில் இன்னும் எத்தனை ஒட்டுத்தான் போடுவது?

அறிவிப்புப் பலகையும் திரும்பி வந்த மாணவனும்

பாதுகாப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இருப்பது, பல கோர்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொடும்போது எழும் ஒத்திசைவுச் சிக்கல். என்னைக் கேட்டால் இதுதான் இன்னும் சுவையானது.

1996ல் வந்த லினக்ஸ் 2.0, ஒன்றுக்கு மேற்பட்ட புராசசர்களை முதன்முறையாக ஆதரித்தது. அதற்காகப் போட்ட ஏற்பாடு மிக எளிமையானது. கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு. வீட்டில் ஆறு பேர், ஒரே குளியலறை, காலை ஏழு மணி. அப்படித்தான் இருந்தது நிலைமை. பிறகு சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்துக்கொண்டே போனார்கள். அந்தப் பெரிய பூட்டின் கடைசிச் சுவடு நீங்கியது 2011 மே மாதம் வெளிவந்த 2.6.39 பதிப்பில். ஒரு பூட்டை அகற்ற 15 ஆண்டுகள்!

சிறு பூட்டுகளுக்கும் குறுக்கீட்டுக்கும் ஆகாது. ஒரு கோர் ஏதோ ஒரு பட்டியலின் பூட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. அதே கோரில் குறுக்கீடு வருகிறது. குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரலுக்கும் அதே பூட்டு தேவை. பூட்டு திறக்கட்டும் என்று அது காத்திருக்கிறது. திறக்க வேண்டியவரோ, குறுக்கீடு முடிந்தால்தான் மறுபடி ஓட முடியும். கணினி அப்படியே உறைந்துபோகும். இதைத் தவிர்க்கத்தான், அத்தகைய பூட்டைப் பிடிக்கும் முன் அந்தக் கோரில் குறுக்கீடுகளை அணைத்துவைக்கிறார்கள். இந்த விதியை யாராவது மீறுகிறார்களா என்று கண்காணிக்க, சோதனைக் கெர்னல்களில் ‘லாக்டெப்’ என்ற காவலாளி 2006 முதல் இருக்கிறார். குறுக்கீடு அணைந்திருக்கிறதா இல்லையா என்பது அவருக்கு உடனுக்குடன் தெரிந்தாக வேண்டும்.

படிப்பவர்கள் பூட்டே போடத் தேவையில்லாத ஒரு முறையும் உண்டு. ஆர்சியு என்பார்கள். 2002ல் பால் மெக்கென்னி முதலானோரின் முயற்சியால் லினக்ஸுக்குள் வந்தது. பள்ளி அறிவிப்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் புதிய பாட அட்டவணையை ஒட்டுகிறார். பழையதை உடனே கிழித்துப் போடுவதில்லை. அதைப் படித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு மாணவரும் முகத்தைத் திருப்பும்வரை காத்திருந்து, பிறகுதான் எறிகிறார். மண்டபத்தை விட்டு வெளியே போனவர்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அவர்கள் நிச்சயம் பலகையைப் பார்க்கவில்லையே.

வெளியே போன மாணவன் திரும்பி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். வாசலிலேயே ‘நான் வந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் அவன் பலகையைப் பார்க்க வேண்டும். சொல்லாமல் பார்த்தால், அவன் படித்துக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் தாளைக் கிழித்துவிடலாம். உறங்கும் கோரும், சில அமைப்புகளில் பயனர் நிரலை மட்டுமே ஓட்டும் கோரும், ஆர்சியுவின் கணக்கில் ‘மண்டபத்துக்கு வெளியே’ இருப்பவை. குறுக்கீடு வந்து அந்தக் கோர் கெர்னலுக்குள் நுழைந்ததும் முதலில் ஆர்சியுவிடம் தகவல் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆர்சியு பாதுகாக்கும் எந்தத் தரவையும் தொடக்கூடாது.

பழைய வாசலில் இந்த ஒழுங்கு எல்லா வழிகளிலும் ஒரே மாதிரி இல்லை. ‘குறுக்கீடு அணைந்துவிட்டது’ என்று காவலாளிக்கும் தடம் பதிக்கும் நிரலுக்கும் அசெம்பிளியிலிருந்தே ஒரு குரல் கொடுப்பார்கள். தடம் பதிக்கும் நிரல் தன் வேலைக்கு ஆர்சியுவை நம்பியிருக்கிறது. ஆர்சியுவிடமோ சில வழிகளில் இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, ஓடும் கெர்னலில் எந்த இடத்திலும் ஆராய்ச்சிக்காக ஒரு நிறுத்தப்புள்ளி வைக்கும் வசதி வேறு லினக்ஸில் உண்டு. நிறுத்தப்புள்ளி என்பதும் ஒரு குறுக்கீடு மாதிரிதான். வாசல் நிரலிலேயே அதை வைத்தால் என்ன ஆகும்? வாசலுக்குள் நுழைய வாசல், அதற்குள் நுழைய இன்னொரு வாசல் என்று கணினி தன்னைத்தானே விழுங்கிவிடும்.

பெரும்பாலான கணினிகளில் பெரும்பாலான நாள்களில் இது எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் இவ்வகைப் பிழைகளின் கொடுமை. லட்சம் முறை சரியாக ஓடும் நிரலைப் பார்த்து, இது தவறு, பிரித்துக் கட்ட வேண்டும் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

பிரித்துக் கட்டியது எப்படி

ஆண்டி லுடோமிர்ஸ்கி 2015லேயே வெளியேறும் வழிகளைச் சி மொழிக்கு மாற்றத் தொடங்கியிருந்தார். 2020ல் தாமஸ் கிளைக்ஸ்னர், பீட்டர் ஸைல்ஸ்ட்ரா, லுடோமிர்ஸ்கி முதலானோர் மீதியைக் கையிலெடுத்தார்கள். அசெம்பிளி எவ்வளவு குறைவாக இருக்க முடியுமோ அவ்வளவு குறைவு: ரெஜிஸ்டர்களைச் சேமி, ஜிஎஸ்ஸையும் நினைவக அட்டவணையையும் சரிசெய், சி மொழிக்குத் தாவு. அதன்பின் வரிசை எல்லாக் குறுக்கீடுகளுக்கும் ஒன்றே. முதலில் காவலாளிக்குத் தகவல். அடுத்து ஆர்சியு. அதற்குப் பிறகே தடம் பதிக்கும் நிரல். வெளியேறும்போது அப்படியே தலைகீழ்.

முன்பு ஒரு புதிய குறுக்கீட்டைச் சேர்க்க, அசெம்பிளியில் ஓர் இடம், தலைப்புக் கோப்பில் ஓர் இடம், சி நிரலில் ஓர் இடம் என்று தொட்டு, மூன்றும் பொருந்துகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இப்போது ஒரே மேக்ரோ எல்லாவற்றையும் உருவாக்கிவிடும். வரிசையைத் தவறாக எழுத வழியே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த ஏற்பாடு. ஆர்சியுவிடம் சொல்வதற்கு முன் ஓடும் நிரல் துண்டுகளுக்கெல்லாம் ‘நோஇன்ஸ்டர்’ என்ற முத்திரை குத்தினார்கள். இங்கே யாரும் நிறுத்தப்புள்ளி வைக்கக்கூடாது, தடம் பதிக்கக்கூடாது என்று பொருள். முத்திரை உள்ள நிரல், முத்திரை இல்லாத நிரலைத் தெரியாமல் அழைத்துவிட்டால்? ‘ஆப்ஜ்டூல்’ என்ற கருவி கெர்னலைக் கட்டும் நேரத்திலேயே எந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து எச்சரிக்கும். ‘கவனமாக இருங்கள்’ என்று கருத்துரை எழுதிவைப்பதற்கும், கவனக்குறைவை எந்திரமே பிடித்துக்கொடுப்பதற்கும் எவ்வளவு தூரம்!

வெளியில் தெரியும் நடத்தையை மாற்றாமல் உள்ளமைப்பை மட்டும் திருத்துவதை ரீஃபேக்டரிங் என்பார்கள். 1999ல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய நூலால் பரவலான சொல் இது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது எங்கள் குழு இதைச் செய்துபார்த்தது. நானூறு வரியில் ஒரு ஃபங்ஷன். யாரும் தொடப் பயந்த ஃபங்ஷன். ஒரே இரவில் நான் அதை முழுவதும் திருத்தி எழுதினேன். காலையில் எதுவுமே ஓடவில்லை. எந்த மாற்றத்தால் கெட்டது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை, ஏனென்றால் எல்லாமே ஒரே மாற்றம். பழைய கோப்பையே திரும்பப் போட்டுச் சமர்ப்பித்தோம்.

கெர்னல்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. வாசல் வேலையை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஏராளமான சிறு திருத்தங்களாக அனுப்பினார்கள். ஒரு திருத்தம் ஒரு காரியம் மட்டும் செய்யும். ஒன்றில் ஒரு ஃபங்ஷனை இடம் மாற்றுவார்கள், அவ்வளவுதான். அடுத்ததில் பெயரை மாற்றுவார்கள். எந்தத் திருத்தத்தோடு நிறுத்தினாலும் கெர்னல் கட்டப்பட வேண்டும், கணினி எழ வேண்டும். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆயிரம் திருத்தங்களில் ஒன்று கணினியைக் கெடுத்துவிட்டது என்றால், நடுவில் வெட்டி எந்தப் பாதி குற்றவாளி என்று பார்த்து, அதையும் பாதியாக வெட்டி என்று போனால் ஏறக்குறைய பத்தே சோதனைகளில் அந்த ஒன்றைப் பிடித்துவிடலாம். ‘கிட்’ மென்பொருளில் இதற்கென்றே ‘பைசெக்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. திருத்தங்கள் சிறியவையாகவும் தனித்தனியே ஓடக்கூடியவையாகவும் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

2020 ஆகஸ்ட்டில் வெளியான 5.8 பதிப்பில் புதிய வாசல் வந்தது. அடுத்த 5.9 பதிப்பில், அதன் பொதுவான பகுதியை எக்ஸ்86க்கு மட்டும் உரியதாக வைக்காமல் தனியே எடுத்துவைத்தார்கள். ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390, ரிஸ்க்-வி போன்ற வேறு வகை புராசசர்களுக்கான லினக்ஸும் பின்னர் அதையே பயன்படுத்தத் தொடங்கின. ஒருமுறை சரிசெய்த வரிசை எல்லாருக்கும் சரியான வரிசையாயிற்று.

கிளைக்ஸ்னருக்கு இன்னொரு நீண்ட கனவும் இருந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் கட்டாயம் பதில் சொல்லும் லினக்ஸ். தொழிற்சாலை ரோபோக்களுக்கும் ஒலிப்பதிவுக் கருவிகளுக்கும் சராசரி வேகத்தைவிட முக்கியமானது, ஒருமுறைகூடத் தாமதிக்காமல் இருப்பது. இங்கோ மோல்னார் முதலானோர் 2004 வாக்கில் தொடங்கிய அந்த முயற்சி, பெரும்பாலான பூட்டுகளை உறங்கக்கூடியவையாக மாற்றியது. குறுக்கீட்டு வேலைகளில் பெரும்பகுதியைத் தனி இழைகளுக்குத் தள்ளியது. மேலே பார்த்த காவலாளி லாக்டெப்பும் இந்த வட்டாரத்திலிருந்து வந்தவர்தான். 2024 செப்டம்பரில், வியன்னாவில் நடந்த மாநாட்டின்போது அதன் இறுதிப் பகுதியைக் கிளைக்ஸ்னர் காகிதத்தில் அச்சிட்டு டோர்வால்ட்ஸின் கையிலேயே கொடுத்தார். 6.12 பதிப்பில் அது சேர்ந்தது. இருபது ஆண்டுகள்.

லினக்ஸ் வாசலை நேரடியாகப் படிக்கத் தொடங்கினால் தலை சுற்றும். முதலில் எம்ஐடி பல்கலைக்கழகம் மாணவர்களுக்காக எழுதிய ‘எக்ஸ்வி6’ என்ற சிறிய இயங்குதளத்தைப் பதிவிறக்கம் செய்யுங்கள். இலவசம்தான். அதில் ‘டிராம்போலின்’ என்ற அசெம்பிளி கோப்பும் ‘டிராப்’ என்ற சி கோப்பும் சேர்ந்ததுதான் வாசல். ஒரு மாலையில் படித்துவிடலாம். சி கோப்பில் ‘யூசர்டிராப்’ என்ற ஃபங்ஷனைத் தேடுங்கள். பயனர் நிரல் எங்கே நின்றது என்ற முகவரியைக் குறித்துக்கொண்ட பிறகே, சில வரிகள் தள்ளி, குறுக்கீடுகளை மறுபடி இயக்கும் ‘இன்டர்_ஆன்’ என்ற வரி வரும். ஏன் இவ்வளவு தாமதம் என்று அதற்கு மேலேயே ஒரு கருத்துரை இருக்கும்.

அந்த ஒரு வரியை, முகவரியைக் குறிக்கும் வரிக்கு மேலே நகர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாமல் போகலாம். இரண்டாவது தடவையும்கூட. கடிகாரக் குறுக்கீடு சரியாக அந்த இடைவெளியில் வந்து விழும் வரை ஓட்டிக்கொண்டே இருங்கள்.